புரோட்டீன் பவுடர், வெயிட் கெய்னர், மீல் ரீப்ளேஸ்மென்ட்: மூன்றும் ஒன்றா? டப்பாவைக் கையில் எடுக்கும் முன் ஒரு பார்வை

மாலை நேரத்தில் ஏதாவது ஒரு பெரிய மெடிக்கல் ஷாப் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஜிம் பேக்கோடு வரும் இளைஞர் "அண்ணே, புரோட்டீன் பவுடர் இருக்கா?" என்று கேட்பார். அடுத்து வரும் அம்மா, "பையன் பதினேழு வயசாச்சு, ஒல்லிக்குச்சியா இருக்கான். உடம்பு போடுற மாதிரி ஏதாவது புரோட்டீன் பவுடர் குடுங்க தம்பி" என்பார். மூன்றாவதாக ஒருவர், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கும் சுகர் பேஷன்ட்டான அப்பாவுக்காக அதே வார்த்தையைச் சொல்லிக் கேட்பார்.

மூவரும் கேட்டது ஒரே பெயர். ஆனால் மூவருக்கும் தேவையானது ஒன்றல்ல. கடைக்காரர் அவசரத்தில் டப்பாவை மாற்றிக் கொடுத்தால் முதல் இருவருக்குப் பணம்தான் நஷ்டம். மூன்றாமவரின் அப்பாவுக்கு அது மறுபடியும் ஆஸ்பத்திரி வரை போகிற விஷயம்.

அப்படி இந்த டப்பாக்களுக்குள் என்னதான் இருக்கிறது?

பெயர் மூன்று, சங்கதி வேறு

புரோட்டீன் சப்ளிமென்ட் என்பது பெயருக்கேற்ப புரதம் மட்டும். சந்தையில் அதிகம் விற்பது 'வே புரோட்டீன்'. வீட்டில் பன்னீர் செய்யும்போது துணியில் வடிகட்டிக் கீழே ஊற்றுகிறோமே, பச்சை கலந்த மஞ்சள் தண்ணீர், அதன் சொந்தக்காரர்தான் இது. பாலில் உள்ள புரதத்தில் சுமார் 80 சதவிகிதம் கேசீன், மீதி 20 சதவிகிதம் வே. சீஸ் தொழிற்சாலைகளில் ஒரு காலத்தில் கழிவாகப் போன இந்தத் தண்ணீரை வடித்து, உலர்த்தி, பொடியாக்கியதுதான் இன்று ஒரு கிலோ 2,000 ரூபாய்க்கு மேல் போகிறது. 'கான்சன்ட்ரேட்' என்றால் அதிகபட்சம் 80 சதவிகிதம் வரை புரதம். 'ஐசோலேட்' என்றால் 90 சதவிகிதத்தை ஒட்டி. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு ஐசோலேட் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் அதில் லாக்டோஸ் மிகக் குறைவு. பட்டாணி, சோயாவில் இருந்து எடுக்கும் பவுடர்களும் உண்டு.

வெயிட் கெய்னர் இதற்கு நேரெதிர். டப்பாவில் கட்டுமஸ்தான ஆள் படம் இருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. பல கெய்னர்களின் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் 100 கிராமுக்குப் புரதம் 15 கிராம் அளவிலும், கார்போஹைட்ரேட் 75 கிராமுக்கு மேலும் இருக்கும்.

மீல் ரீப்ளேஸ்மென்ட் மூன்றாவது ரகம். ஒரு வேளைச் சாப்பாட்டில் கிடைக்க வேண்டிய புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, வைட்டமின், தாது உப்புகள் எல்லாவற்றையும் அளந்து ஒரே கிளாஸில் கொடுப்பது. எடைக் குறைப்புக்கான இந்த வகை உணவுகளுக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு 1991-லேயே வரையறை வகுத்துவிட்டது. ஒரு வேளைக்கு 200 முதல் 400 கலோரி, அதில் குறைந்தது கால் பங்கு புரதத்தில் இருந்து வர வேண்டும். அதாவது, இது சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்க வேண்டியது. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு மேலே ஒரு கிளாஸ் குடித்தால் எடை குறையாது, கூடும்!

(நம் வீட்டு 'மீல் மேக்கர்' இந்தக் குடும்பத்தில் சேராது. பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் அது சோயா உருண்டை. ஆனால் அதைப் பற்றியும் கீழே பேச வேண்டியிருக்கிறது.)

எவ்வளவு புரதம் வேண்டும்? இங்கேதான் சண்டை

2024 மே மாதம் ஐசிஎம்ஆரின் கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டு நெறிமுறைகளைப் புதுப்பித்து வெளியிட்டது. மொத்தம் 17 நெறிமுறைகள். அதில் ஜிம் வட்டாரத்தைச் சூடாக்கியது ஒரே ஒரு விஷயம்: உடலை வளர்க்க புரோட்டீன் சப்ளிமென்ட் எடுப்பதைத் தவிருங்கள் என்றது அறிக்கை. இந்தப் பவுடர்களில் சர்க்கரை, செயற்கை இனிப்பு, செயற்கை மணமூட்டிகள் சேர்க்கப்பட்டிருக்கலாம், தினமும் எடுப்பது நல்லதல்ல என்றும், நீண்ட காலம் அளவுக்கு மீறிப் புரதம் எடுத்தால் எலும்பில் தாது இழப்பும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம் என்றும் எச்சரித்தது.

உடனே இரண்டு கட்சி கிளம்பியது. "பார்த்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோம்" என்று ஒரு பக்கம். "இந்தியர்களுக்கே புரதம் பத்தல, இதுல இதையும் நிறுத்தச் சொன்னா எப்படி?" என்று இன்னொரு பக்கம்.

இருவரும் அறிக்கையை முழுசாகப் படித்ததாகத் தெரியவில்லை. சாதாரண வேலை செய்யும் ஆரோக்கியமான ஒருவருக்குப் பரிந்துரைக்கப்படும் புரத அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடை என்றால் நாளைக்கு சுமார் 50 கிராம். ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: எடை தூக்கும் பயிற்சி செய்பவர்களுக்கு கிலோவுக்கு 1.6 கிராமைத் தாண்டிப் போனால் கூடுதல் பலன் இல்லை. விளையாட்டு ஊட்டச்சத்துக்கான சர்வதேச அமைப்பு, உடற்பயிற்சி செய்பவர்களுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை என்கிறது. ஆக, இரண்டு தரப்பும் பேசுவது பக்கத்துப் பக்கத்து எண்களைத்தான். 60 கிலோ இளைஞர் தீவிரமாக ஒர்க்அவுட் செய்தால் அவருக்கு உச்சவரம்பு 96 கிராம். 50-க்கும் 96-க்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை எதை வைத்து நிரப்புவது என்பதுதான் கேள்வி.

சைவச் சாப்பாட்டில் காலை இட்லி சாம்பார், மதியம் சோறு குழம்பு தயிர், இரவு தோசை, நடுவில் ஒரு டீ என்று ஓடுகிற வீட்டில் 40 கிராமை எட்டுவதே பெரிய விஷயம். காரணம், தட்டில் முக்கால்வாசி அரிசி. சாம்பாரில் பருப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். எனவே 'நமக்குப் புரதம் பத்தல' என்பதில் உண்மை இருக்கிறது. அதற்கு மருந்து 3,000 ரூபாய் டப்பாதானா என்பதில்தான் சந்தேகம்.

கணக்குப் போடலாம். ஒரு ஸ்கூப் வே புரோட்டீனில் 24 கிராம் புரதம் என்று வையுங்கள். பிராண்டைப் பொறுத்து 80 முதல் 100 ரூபாய் ஆகும். நாலு முட்டையிலும் சுமார் 24 கிராம்தான், விலையோ அதைவிட மிகக் குறைவு. மீல் மேக்கரில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. 50 கிராமை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து குருமாவில் போட்டால் அந்த ஒரு ஸ்கூப் கணக்கு முடிந்தது. செலவு பத்து ரூபாயைச் சுற்றித்தான். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, நிலக்கடலை, பொட்டுக்கடலை எல்லாமே 100 கிராமுக்கு 20 கிராம் புரதத்தை ஒட்டியோ அதற்கு மேலேயோ வைத்திருப்பவை.

அப்படியானால் பவுடரே வேண்டாமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. காலை ஐந்து மணிக்குப் பயிற்சி, எட்டு மணிக்கு ஷிப்ட் என்று ஓடுபவர், முட்டையும் தொடாதவர், பல் போன முதியவர் போன்றோருக்கு அது வசதிதான். வயதானவர்களுக்கு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று சர்வதேச நிபுணர் குழுக்கள் சொல்கின்றன. சாப்பாட்டு அளவு குறைந்துபோன வயதில் அதை எட்டுவது கடினம். வசதிக்குக் கொடுக்கிற விலை அது என்று தெரிந்து கொடுத்தால் தப்பில்லை. 'இதைக் குடிச்சாத்தான் உடம்பு வரும்' என்று நம்பிக் கொடுப்பதுதான் பிரச்னை.

டப்பாவில் போட்டிருப்பது உள்ளே இருக்கிறதா?

இதுதான் அறிவுரைகளை விடப் பெரிய தலைவலி. கேரளாவைச் சேர்ந்த கல்லீரல் நிபுணர் சிரியாக் ஏபி பிலிப்ஸ் தலைமையிலான குழு, இந்தியாவில் விற்கும் 36 புரோட்டீன் சப்ளிமென்ட்டுகளை வாங்கி ஆய்வகத்தில் சோதித்தது. 2024-ல் 'மெடிசின்' என்ற மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின. 36-ல் சுமார் 70 சதவிகிதத்தில் லேபிளில் போட்ட புரத அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சுமார் 14 சதவிகிதத்தில் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சும், 8 சதவிகிதத்தில் பூச்சிக்கொல்லி எச்சமும் தென்பட்டன. அஃப்லாடாக்சின் என்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல, பூசணம் பிடித்த நிலக்கடலையில் வருவதும் அதுதான். கல்லீரலைக் குறிவைப்பது.

36 என்பது சிறிய எண்ணிக்கை, மொத்தச் சந்தைக்கும் இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் 'காசு கொடுத்து வாங்குறோம், போட்டதுதானே இருக்கும்' என்ற நம்பிக்கையை உலுக்க இது போதும்.

எப்படி ஏமாற்ற முடிகிறது? வழக்கமான ஆய்வகச் சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. பொருளில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்று பார்த்து, அதை 6.25 ஆல் பெருக்கிப் புரதக் கணக்கு சொல்கிறது. கிளைசின், டாரின் போன்ற மலிவான பொருட்களிலும் நைட்ரஜன் உண்டு. விலை உயர்ந்த வே-யைக் குறைத்துவிட்டு இவற்றைக் கலந்தால் காகிதத்தில் புரதம் ஏறும், தசைக்குப் போய்ச் சேராது. இதை 'அமினோ ஸ்பைக்கிங்' என்கிறார்கள். இதே ஓட்டையைப் பயன்படுத்தித்தான் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் என்ற தொழிற்சாலை ரசாயனத்தைச் சேர்த்தார்கள். 2008-ல் அது வெடித்தபோது சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர், 6 குழந்தைகள் இறந்தனர்.

ஒல்லியாக இருக்கும் பையனுக்கு கெய்னர் கொடுக்கலாமா?

அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். கெய்னரில் முதல் இடத்தில் இருக்கும் பொருளின் பெயர் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின். மக்காச்சோளம், மரவள்ளி போன்றவற்றின் மாவுச்சத்தை உடைத்து எடுக்கும் வெள்ளைப் பொடி. நாக்கில் அவ்வளவாக இனிக்காது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரையைக் கிடுகிடுவென்று ஏற்றும். சில லேபிள்களில் இது 'சர்க்கரை' வரிசையில் தலைகாட்டாமல் 'கார்போஹைட்ரேட்' வரிசையில் மட்டும் நிற்கும். அதனால் 'சர்க்கரை குறைவு' என்ற வாசகமும் டப்பாவில் இருக்கும், சர்க்கரை மாதிரியே வேலை செய்யும் பொருளும் உள்ளே இருக்கும்.

100 கிராம் கெய்னரில் சுமார் 385 கலோரி. அதை 300 மில்லி பாலில் கலக்கச் சொல்வார்கள். பாலில் இருந்து இன்னொரு 200 வரும். ஆக 580 சொச்சம். இப்போது வீட்டுப் பக்கம் பாருங்கள்: இரண்டு வாழைப்பழம், 50 கிராம் வறுத்த நிலக்கடலை, 200 மில்லி பால். சுமார் 600 கலோரி, 20 கிராமுக்கு மேல் புரதம். கூடவே நார்ச்சத்து. செலவு 35, 40 ரூபாய்க்குள். கெய்னர் செய்யும் வேலையில் இது எதை விட்டுவிட்டது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். சாக்லேட் வாசனை வேண்டுமானால் இல்லை.

அதைவிட முக்கியம், பதினேழு வயதில் ஒல்லியாக இருப்பதே நோய் அல்ல. உயரம் விறுவிறுவென ஏறும் வயது அது. நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே போனால் தைராய்டு, காசநோய், டைப் 1 சர்க்கரை நோய் போன்றவை இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையைத் தள்ளிப்போட்டுவிட்டு மாவுச்சத்து டப்பாவை நீட்டுவது இருக்கிற நோயை மறைக்கும். டைப் 1 சர்க்கரை நோய் இருப்பவருக்கு அது நேரடி ஆபத்து.

இன்னொரு கும்பலும் இருக்கிறது. 'பத்தே நாளில் அஞ்சு கிலோ' என்று சோஷியல் மீடியாவில் விற்கும் பெயர் தெரியாத பொடிகளும் சிரப்புகளும். இந்தியாவில் தயாரான 'அபெட்டமின்' என்ற சிரப்பை உடல் வடிவத்துக்காகக் குடிப்பது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரவியபோது, அமெரிக்காவின் எஃப்டிஏ அதற்கு எதிராக எச்சரிக்கை விட்டது. அதில் இருப்பது சைப்ரோஹெப்டடின், அலர்ஜிக்கான பழைய மருந்து. பசியைத் தூண்டும், கூடவே தூக்கத்தையும். சில சரக்குகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முகம் உப்பும், எடை ஏறும், வீட்டில் எல்லோரும் 'பூசுன மாதிரி ஆயிட்டான்' என்பார்கள். அது தசை அல்ல, தேங்கிய நீரும் கொழுப்பும்.

ஷேக் குடித்து சுகர் போன கதை

மீல் ரீப்ளேஸ்மென்ட்டுக்கு மற்ற இரண்டையும் விட வலுவான ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' ஆய்வு 2017-ல் லான்செட் இதழில் வெளியானது. டைப் 2 சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்த 306 பேர் பங்கேற்றனர். பாதிப் பேருக்குச் சாப்பாட்டை நிறுத்தி, நாளைக்கு 850 கலோரிக்கு மிகாத ஷேக்கும் சூப்பும் மட்டும் மூன்று முதல் ஐந்து மாதம். பிறகு படிப்படியாகச் சாப்பாடு. ஒரு வருட முடிவில் அவர்களில் 46 சதவிகிதம் பேருக்கு மருந்தில்லாமலே சுகர் கட்டுக்குள் வந்திருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 4 சதவிகிதம். 15 கிலோவுக்கு மேல் எடை குறைத்தவர்களைத் தனியாகப் பார்த்தால் 86 சதவிகிதம். இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே என்ன நடந்தது என்று கவனிக்க வேண்டும். பயிற்சி பெற்ற நர்சோ டயட்டீஷியனோ தொடர்ந்து கண்காணித்தார்கள். சுகர் மாத்திரை, பிபி மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தினார்கள். இன்சுலின் போடுபவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. இங்கே ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் காலை நேர 'நியூட்ரிஷன் கிளப்'புகளில் ஷேக் கலக்கிக் கொடுப்பவர் பெரும்பாலும் டயட்டீஷியன் அல்ல. அவரும் நேற்று வரை வாடிக்கையாளராக இருந்தவர். மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு, சாப்பாட்டை விட்டுவிட்டு ஷேக் மட்டும் குடித்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரலாம். இன்சுலின் எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

அப்பாவுக்கு வாங்க வந்தவர்

ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போனால் ஆரஞ்சும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிப் போவது நம் ஊர் மரியாதை. இந்த மால்ட் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்றே பல தலைமுறையாகச் சொல்லி வந்தோம். ஆனால் இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு பிரிவே இல்லை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் நிறுவனங்களுக்கு, போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவில் இருந்து எடுக்கச் சொன்னது. அதே மாதம் ஹார்லிக்ஸை விற்கும் நிறுவனமும் தன் பிரிவின் பெயரை மாற்றிக்கொண்டது. இவற்றில் பலவற்றில் 100 கிராமுக்குப் புரதம் 7 முதல் 11 கிராம்தான். பெரும்பகுதி மாவுச்சத்தும் சர்க்கரையும். சுகர் உள்ள அப்பாவுக்கு இது உதவாது.

அவருக்கென்று தனி வகை உண்டு. 'சிறப்பு மருத்துவ நோக்கத்துக்கான உணவு' என்று எஃப்எஸ்எஸ்ஏஐ விதிகளில் வகைப்படுத்தப்பட்டிருக்கும் இவை, மருத்துவ ஆலோசனையின் பேரில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற வாசகத்தோடு வர வேண்டும். இதிலும் ஒரு கண்ணி. சிறுநீரக நோயாளிகளுக்கான பவுடரில் இரண்டு வகை இருக்கிறது. டயாலிசிஸ் தொடங்காதவருக்குப் புரதம் குறைந்தது. டயாலிசிஸில் இருப்பவருக்குப் புரதம் கூடியது, ஏனென்றால் அவருக்கு ஒவ்வொரு முறையும் புரத இழப்பு ஏற்படுகிறது. டப்பாக்கள் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், பெயரில் ஒன்றிரண்டு எழுத்துதான் வித்தியாசம். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளில் பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பதே தெரியாது. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் கிரியேட்டினின் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்காமல் புரோட்டீன் டப்பாவைத் திறப்பது சரியல்ல.

லேபிளில் எதைப் பார்ப்பது?

முன்பக்கத்தை மறந்துவிடுங்கள், பின்பக்கம்தான் விஷயம். 'ஒரு சர்விங்கில்' என்ற வரிசையை நம்ப வேண்டாம். சர்விங் 33 கிராமாகவும் இருக்கும், 150 கிராமாகவும் இருக்கும். '100 கிராமில்' என்ற வரிசையைப் பாருங்கள். புரதம் 70-க்கு மேல் என்றால் அது புரோட்டீன் பவுடர். 15, 20 என்று இருந்தால் டப்பாவில் என்ன பெயர் போட்டிருந்தாலும் அது கெய்னர் அல்லது மால்ட் பானம். சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதில் இருந்து குறைந்ததாக வரிசைப்படுத்தப்பட வேண்டும் என்பது சட்டம். முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின் அல்லது சர்க்கரை என்றால், வாங்குவது அதைத்தான். கிளைசின், டாரின் தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம். எண் இருந்தும் பவுடரில் பூஞ்சை வாடை, கட்டி, நிறமாற்றம் தெரிந்தால் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியிலோ மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலோ புகார் செய்யலாம். டப்பாவையும் பில்லையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால்தான் பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டுப் புகார் எழுத முடியும்.